பேசிக்கொண்டிருக்கும் லைனை வெட்டாதீர்கள்

தம்பிகளே, தேனியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்து இந்தக் கொச்சியில் ஃபைபர் இழுத்துக்கொண்டிருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தமிழில் மலையாளம் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கிழவன் கதை விடுகிறான் என்பீர்கள். மட்டாஞ்சேரியில் டெலிபோன் லைன் வேலை பார்த்தவர்கள் பலபேர் உண்டு. ஆனால் ஏணியைச் சுவரில் சாய்க்கிற சத்தத்தைக் கேட்டே, "முருகையன் வந்தாச்சு" என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லவைத்தவன் நான் ஒருவன்தான். அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை அள்ளினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். கேபிள் பதிக்கக் குழி வெட்டுகிற கூலியாகச் சேர்ந்து, கண்ணால் பார்த்தே வேலையைப் படித்தேன். காகிதத்தில் என் பெயர் தற்காலிக மஸ்தூர், அதாவது தினக்கூலிதான். கம்பத்தின் மேல் நான் லைன்மேன். பஜாரில் இருந்த மிளகு வியாபாரிகள் ஆபீசுக்குப் போன் செய்து, "எஞ்சினியர் வேண்டாம், முருகையனை அனுப்புங்க" என்பார்கள். கேட்டுப்பாருங்கள், இன்னும் சொல்வதற்கு ஆள் இருக்கிறது.

நீங்கள் இழுப்பது கண்ணாடி இழை. அதில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது. எங்களுடையது செம்பு. தெருவுக்குத் தெரு சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், டி.பி. என்போம். திறந்தால் ஜோடி ஜோடியாக ஸ்க்ரூ. ஒரு ஜோடிக்கு ஒரு வீடு. இடுப்பில் தொங்குகிற டெஸ்ட் போனின் கிளிப்பை எந்த ஜோடியில் மாட்டினாலும் அந்த வீட்டின் பேச்சு உங்கள் காதுக்குள் வந்துவிடும். கல்யாணம், கடன், கள்ளக்காதல், எல்லாம் வரும்.

அதனால்தான் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஜோடியிலும் கை வைக்கும் முன் காது வைக்க வேண்டும். பேச்சு நடக்கிறதா என்று தெரிந்த உடனே கிளிப்பை எடுத்துவிட வேண்டும். பேச்சு முடியும்வரை அந்த லைனைத் தொடக் கூடாது. கேட்டது காதோடு போய்விட வேண்டும். இது ஏன் என்று ஒரு தரம் எங்கள் கண்முன்னே தெரிந்தது. எங்களில் ஒருவன், கெட்டிக்காரன்தான், அவசரத்தில் காது வைக்காமல் ஒரு ஜோடியைக் கழற்றினான். அந்த முனையில் ஒரு டாக்டர், வலிப்பு வந்த குழந்தைக்கு எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்று தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றுவிட்டது. குழந்தை பிழைத்தது, பக்கத்து வீட்டில் ஒரு போன் இருந்த புண்ணியம். ஆனால் அவன் அதற்குப் பிறகு ஏணியில் ஏறவில்லை. ஸ்டோரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. யார் போனையும் ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்ட உத்தரவு வேண்டும் என்று டில்லியில் பெரிய கோர்ட்டு சொல்லி ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

எங்கள் ஏரியாவில் ஃபிலோமினா டீச்சர் என்று ஒருவர். ரிட்டயர்ட் ஆன பிறகு, செம்மீன், அதாவது நீங்கள் சொல்கிற இறால், உரிக்கிற ஷெட்டுகளில் வேலை செய்கிற பெண்களுக்குச் சங்கம் நடத்தினார். சங்கத்துக்கு ஆபீஸ் கிடையாது. டீச்சர் வீட்டுப் போன்தான் ஆபீஸ். ஐஸில் கை அழுகிப்போனவள், சூப்பர்வைசர் தொல்லை தாங்காதவள், எல்லோரும் டெலிபோன் பூத்திலிருந்து டீச்சரைக் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் டீச்சர் என்னை வழியில் நிறுத்தினார். "முருகையா, என் போனில குரல் சின்னதாப் போச்சு. பக்கத்துல யாரோ உக்காந்து கேக்கிற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். "டீச்சரே, மழையில ஜாயிண்டுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும்."

"மழைத்தண்ணிக்கு முதலாளிகிட்ட போய்ப் பேரைச் சொல்லத் தெரியுமாடா?"

அப்புறம்தான் விவரம் சொன்னார். ஒரு பெண் சாயங்காலம் போனில் அழுவாள். மறுநாள் காலை ஷெட்டு வாசலில் அவளை மட்டும் நிறுத்தி, உனக்கு வேலை இல்லை என்பார்கள். ஒருத்திக்கு நடந்தால் தற்செயல். அடுத்தடுத்து நடந்தது. பெண்கள் போன் செய்யவே பயந்துபோனார்கள்.

ஏணியை எடுத்துக்கொண்டு மிளகு குடோன் சுவரில் இருந்த டி.பி.க்குப் போனேன். திறந்தேன். டீச்சருடைய ஸ்க்ரூவுக்கு அடியிலேயே இன்னொரு ஒயரையும் செருகி ஒன்றாக முறுக்கியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் செய்கிற வேலை இல்லை அது. அந்தச் சொத்தை வேலையை நான் என் எதிரிக்கும் செய்யமாட்டேன். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் இரண்டு ஒயரும் சேர்ந்து கழன்று விழும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். தெருவைக் கடந்து, எதிர் லாட்ஜின் மாடி ஜன்னலுக்குள் போயிற்று. நானும் போனேன். கதவைத் தட்டினேன். பனியனும் லுங்கியுமாக ஒரு ஆள் திறந்தார். கழுத்தில் ஹெட்போன், மேஜையில் டேப்ரெக்கார்டர், பக்கத்தில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும்.

"லைன் கம்ப்ளெயிண்ட் பார்க்க வந்தேன் சாரே" என்றேன்.

"இங்க கம்ப்ளெயிண்ட் ஒண்ணுமில்லையே. நல்லா கேக்குது" என்றார் அவர், வாயில் கப்பையோடு. சொன்ன பிறகுதான் என் இடுப்பில் இருந்த பெல்ட்டைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "பேரென்ன?"

"முருகையன்."

"முருகையா, நீ இன்னைக்கு ஏணியில ஏறவே இல்ல. சர்க்கார் காரியம். வெளிய பேசினா ஜெயிலு. போலீஸ்காரன் சொல்றேன், புரிஞ்சுதா?"

புரிந்தது. நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய் எஞ்சினியரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "மேலேர்ந்து சொல்லியிருக்காங்க" என்றார்.

"எழுத்துல இருக்கா சார்?"

"நீ எப்போடா எழுத்து படிக்க ஆரம்பிச்சே?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேலையில் நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் அந்த மாதம் வருவதாக இருந்தது. எஞ்சினியர் வாயிலிருந்து என் பெயர் விழ வேண்டும். சிரிக்காமல் என்ன செய்வேன்.

அந்த ஹாலின் மூலையில் டெஸ்ட் டெஸ்க். ஊரில் எந்த லைன் கெட்டாலும் அங்கிருந்துதான் சோதிப்பார்கள். அதில் உட்கார்ந்திருந்தவரை டெஸ்ட் சேச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வேலையில் பாதி வயசைக் கழித்தவர். மட்டாஞ்சேரியின் அத்தனை வீட்டு ரகசியமும் அவர் காது வழியாகப் போயிருக்கும். ஒன்றுகூட வாய் வழியாக வந்ததில்லை. நான் வெளியே போகும்போது தலையைத் தூக்காமல் கேட்டார்.

"முருகையா, சேரும்போது ஒரு உறுதிமொழியில கையெழுத்து வாங்கினாங்களே. யாரோட ரகசியத்தைக் காப்பாத்துவேன்னு போட்டே?"

"சர்க்கார் ரகசியம் சேச்சி."

"போடா. போன் வெச்சிருக்கிறவங்க ரகசியம். படிக்காம கையெழுத்து போட்டவன்கிட்ட கேட்டேன் பாரு. போய் சாயா குடி."

சாயா இறங்கவில்லை. ஒரு பக்கம், சர்க்கார் தன் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம், டீச்சரின் ரகசியத்தைக் காப்பதாக நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே ஸ்க்ரூவுக்கு அடியில் முறுக்கிவைத்திருக்கிறார்கள். அந்த வாரம் கம்பத்தில் ஏறின பிறகு எதற்கு ஏறினேன் என்பதே மறந்துபோயிற்று. எனக்கு, தம்பிகளே. புயல் காற்றில் வெலிங்டன் தீவுக் கம்பத்தில் நின்று பீடி பற்றவைத்தவனுக்கு.

கடைசியில் டீச்சரிடம் போனேன். சொன்னது இவ்வளவுதான்: "லைனைப் பார்த்தேன் டீச்சரே. மழைத்தண்ணி இல்ல."

டீச்சர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அப்போ எந்தத் தண்ணி?"

"அது நான் சொல்றதுக்கில்ல. கோர்ட்டு சொன்னா பெட்டியைத் திறக்கலாம். வக்கீல்கிட்ட நேர்ல போய்ப் பேசுங்க, வீட்டு போன்ல பேசாதீங்க."

டீச்சர் எர்ணாகுளம் போய் ஹைகோர்ட்டில் கேஸ் போட்டார். என் போனை யார் கேட்கிறார்கள், எந்த உத்தரவின்படி கேட்கிறார்கள் என்று. சர்க்கார் தரப்பில் பதில் வந்தது. டீச்சர் அதைப் படித்துக் காட்டியபோது நான் இரண்டு தரம் சொல்லச் சொன்னேன். அப்படி ஒரு ஒட்டுக்கேட்பு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, எதைச் சொன்னாலும் பொதுநலனுக்குக் கேடு. செம்மீன் உரிக்கிறவள் அழுவதில் நாட்டுக்கு என்ன கேடு வரும் என்று டீச்சரின் வக்கீல் கேட்டாராம். ஜட்ஜ் சரி, கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். நம் கேரளத்தில் வேலித் தகராறு என்றாலும் கமிஷன் வந்து பார்க்கும், தெரியும் இல்லையா. அதுபோலத்தான். டி.பி. பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எழுதிக்கொண்டு வர வேண்டும். திறந்துகாட்ட டிபார்ட்மெண்ட் ஆள் ஒருவர் வேண்டும். கமிஷன் வருகிற நாளை டிபார்ட்மெண்டுக்கு முன்கூட்டியே சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அன்று காலை எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். "பதினொரு மணிக்குக் கமிஷன் வருது. அதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியைச் சுத்தம் பண்ணிடு."

"சுத்தம்னா சார்?"

"சுத்தம்னா சுத்தம். தேவையில்லாத ஒயர் எதுவும் இருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன் பேரைப் பட்டியல்ல பார்த்தேன். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

டெஸ்ட் டெஸ்க்கிலிருந்து சேச்சியின் குரல் வந்தது. "முருகையா, ஸ்க்ரூவில கை வைக்கிறதுக்கு முன்னாடி காது வெச்சுப் பாரு. பேச்சு நடக்கிற லைனை வெட்டிடாதே. ரூல் ரூல்தான், இல்லையா சார்?"

தினமும் பத்து தரம் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான். எஞ்சினியரும் யோசிக்காமல் தலையாட்டினார். "ஆமா, பார்த்துப் பண்ணு."

ஏணியை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒயரை எடுத்துவிட்டால் டீச்சரின் கேஸ் அன்றோடு முடிந்தது. பெட்டியில் ஒன்றுமில்லை என்று கமிஷன் எழுதும், டீச்சர் பைத்தியக்காரி என்று ஆகும், அந்தப் பெண்கள் மறுபடி ஒரு போனைத் தொடமாட்டார்கள். எடுக்காவிட்டால் என் வேலை. வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். எடுத்துவிடுவது என்றுதான் போனேன். உங்களிடம் வீரனாட்டம் பொய் சொல்ல மாட்டேன். எடுக்கத்தான் போனேன்.

ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். வழக்கப்படி கிளிப்பை மாட்டினேன்.

பேச்சு நடந்துகொண்டிருந்தது. டீச்சரின் குரல், "கணவாய் மீனை எவ்வளவு நேரம் வேக வைக்கணும்?" அதற்குப் பதில் சொன்ன குரல் நான் தினமும் கேட்கிற குரல். "முதல்ல குடம்புளி போட்டுத் தனியா வேகவிடணும் டீச்சரே. தேங்காய்க்கொத்து கடைசியில."

டெஸ்ட் சேச்சி.

கிளிப்பை எடுத்துவிட்டேன். இரண்டு ஒயரும் ஒரே ஸ்க்ரூவில் இருந்தன என்று சொன்னேன் அல்லவா. வெளியே வெட்டினால் மிச்ச முனை ஸ்க்ரூவிலேயே நின்று காட்டிக்கொடுக்கும், முனையோடு எடுத்தால் டீச்சரின் பேச்சும் அறுந்துவிடும். காத்திருக்க வேண்டியதுதான். கீழே சுமட்டுக்காரர்கள் மிளகு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன், "முருகையன் சேட்டா, மேல காத்து வாங்குறீங்களா?" என்றான். மறுபடி கிளிப்பை மாட்டினேன். "வெங்காயம் சிவக்கணும், கருகக் கூடாது." எடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி மாட்டினேன். "எங்க வீட்டுக்காரருக்கு மிளகு தூக்கலா இருக்கணும்."

எதிர் லாட்ஜிலிருந்து அந்தப் போலீஸ்காரர் ஓடிவந்தார். இன்று சட்டை போட்டிருந்தார், பட்டன் மாறியிருந்தது. ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு பல்லைக் கடித்தார். "என்னடா பண்றே? வெட்டு."

"பேச்சு நடக்குது சாரே."

"நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே கேட்டுக்கிட்டிருக்கேன். கணவாய் வறுத்துக்கிட்டிருக்காளுங்க."

"அப்போ உங்களுக்கே தெரியுமே. பேச்சு நடக்கிற லைனை வெட்டக் கூடாது. எஞ்சினியர் சாரே பார்த்துப் பண்ணச் சொல்லியிருக்கார்."

"நீ இறங்கு. நான் வெட்டறேன்."

"டிபார்ட்மெண்ட் பெட்டி சாரே. வெளி ஆளு கை வைக்கக் கூடாது." இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சுமட்டுக்காரர்கள் இரண்டு எட்டு பக்கத்தில் வந்தார்கள். "என்ன சேட்டா, யாரு அது?" என்றான் ஒருவன். போலீஸ்காரர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி மாடிக்கு ஓடினார்.

சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பேச்சு எந்த நொடியில் வேண்டுமானாலும் முடியலாம். முடிந்துவிட்டால் எனக்குச் சாக்கு கிடையாது. கிளிப்பை மாட்டவே பயமாக இருந்தது. மாட்டினேன். கணவாய் முடிந்து கரிமீனுக்குப் போயிருந்தார்கள்.

அப்போது ஜீப் வந்தது. எஞ்சினியர் இறங்கினார். பின்னால் ஆட்டோவில் கமிஷனர், கறுப்புக் கோட்டு போட்ட சின்ன வயசுப் பெண். எஞ்சினியர் திறந்த பெட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த பிளேயரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் ஏணியின் அடியில் நின்று கேட்டார்: "அந்த ஸ்க்ரூவில ஏன் ரெண்டு ஒயர்?"

"ஒண்ணு டீச்சர் வீட்டுக்குப் போகுது மேடம்" என்றேன். "இன்னொண்ணு எங்க போகுதுன்னு நீங்களே பாருங்க."

அவர் ஒயரைக் கண்ணால் தொடர்ந்து லாட்ஜுக்குப் போனார். மேஜையும் ஒயர் முனையும் கிடந்தன. டேப்ரெக்கார்டரும் ஆளும் இல்லை. ஒரு சார் தங்கியிருந்தார், போலீஸ் என்றுதான் சொன்னார், வாடகை கேட்க பயமாக இருந்தது என்று லாட்ஜ் மேனேஜர் சொன்னதைக் கமிஷனர் எழுதிக்கொண்டார்.

ஆபீசில் எஞ்சினியர் கேட்டார். "ஏண்டா வெட்டல?"

"பேச்சு நடந்தது சார்."

"யாரு பேசினது?"

இதுதான் தம்பிகளே, என் சர்வீஸிலேயே கஷ்டமான கேள்வி. நான் சொன்னேன்: "பேச்சு நடக்குதான்னு மட்டும்தான் கேப்போம் சார். யாருன்னு கேக்கிறதில்ல."

அவர் டெஸ்ட் டெஸ்க்கைத் திரும்பிப் பார்த்தார். சேச்சி ஏதோ லைனைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் ஒட்டிய உறை ஒன்றை ஜட்ஜிடம் கொடுத்தார். ஜட்ஜ் பிரித்துப் படித்தார், திரும்ப ஒட்டச் சொன்னார். டீச்சருக்கும் காட்டவில்லை, டீச்சரின் வக்கீலுக்கும் காட்டவில்லை. தீர்ப்பில் சொன்னது, சட்டம் கேட்கிற உத்தரவு எதுவும் காட்டப்படவில்லை, அந்த ஒயரை எடுக்க வேண்டும். எடுத்தது நான்தான். பேச்சு நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். யார் கேட்கச் சொன்னது, கேட்டதை யார் முதலாளியிடம் கொண்டுபோனது, அதெல்லாம் தனி விசாரணை என்றார்கள். விசாரணை நடந்தது. அறிக்கை ரகசியம். பிற்பாடு தகவல் கேட்கிற சட்டம் வந்தபோது டீச்சர் அதிலும் எழுதிக் கேட்டார். கொடுக்க இயலாது என்று பதில் வந்தது. ஆனால் பெண்கள் மறுபடி டீச்சரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலை போனவர்களில் ஒருத்தி மட்டும் அதே ஷெட்டுக்குத் திரும்பிப் போனாள், தலை நிமிர்ந்து.

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. என்னைக் கும்பளங்கிக்கு மாற்றினார்கள், உப்புச் சேற்றில் கம்பம் நட. நட்டேன். மற்றவன் நட்ட கம்பமெல்லாம் ஒரே மழைக்காலத்தில் சாய்ந்தது, என்னுடையது நின்றது. அடுத்த எஞ்சினியர் வந்த பிறகு, அடுத்த பட்டியலில் நிரந்தரமானேன்.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? ரிட்டயர்ட் ஆகியும் நிம்மதி இல்லை, அதனால்தான். தெருவில் நீங்கள் பெட்டியைத் திறந்துவைத்து வேலை செய்யும்போது நான் பின்னால் நின்று எட்டிப்பார்க்கிறேன், உங்களில் ஒருத்தன் "தாத்தா, தள்ளி நில்லு" என்றான். உள்ளே ஒரு ஸ்க்ரூ கிடையாது. முறுக்கின ஒயர் கிடையாது. இன்று கமிஷன் வந்தாலும் கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை. கேட்கிறவனுக்கு லாட்ஜ் வேண்டாம், கப்பை வேண்டாம். எங்கேயோ ஏசி அறையில் இருப்பான். ஆனால் ஒன்று மாறியிருக்காது. உங்களிடமும் எவனோ ஒருவன் வந்து, மேலேர்ந்து சொன்னது, சுத்தம் பண்ணிடு என்பான். அப்போது எழுத்தில் கேளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் வேலைக்கென்று ஒரு ரூல் இருக்கும், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று பெரிய தைரியம் எதுவும் எனக்கு வரவில்லை. தினமும் செய்கிறதைச் செய்தேன், ஏணியில் நிற்க அதுவே போதுமானதாக இருந்தது.

டெஸ்ட் சேச்சி ரிட்டயர்ட் ஆன அன்று ஆபீசில் பிரியாணி. பல வருஷமாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிடலாம் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன். "சேச்சி, அன்னைக்கு டீச்சருக்கு நீங்க போட்ட கால், அது வேணும்னுதானே போட்டீங்க?"

கணவாய் வறுவல் யாருடைய ரகசியமும் இல்லை, அதனால்தான் இதையே உங்களுக்கு எழுதுகிறேன். சேச்சி கை நனைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எந்த கால், முருகையா?" என்றார். என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.